கூட்டத்துக்கு அறுபது பேர், உதவி கேட்க ஒருவருமில்லை: ஏன்?

2024 நவம்பர் 24

வாசகி ஒருவரின் கேள்வி: "முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பெண்கள் அமைப்பில் கள உத்தியோகத்தராகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களுக்குச் சட்ட உதவி, உளவளத்துணை, ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவது எல்லாம் இலவசமாகச் செய்கிறோம். ஆறு கிராமங்களில் விழிப்புணர்வுக் கூட்டம் வைத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஐம்பது, அறுபது பேர் வந்தார்கள், கையெழுத்து வைத்தார்கள், ரோல்ஸ் சாப்பிட்டார்கள், போனார்கள். இன்றுவரை ஒருவர்கூட உதவி கேட்டு வரவில்லை. மேலே இருப்பவர்கள் 'அங்கே அப்படிப் பிரச்சினை இல்லைபோல' என்கிறார்கள். பிரச்சினை இல்லையா, நான் செய்வது பிழையா?"

2024 நவம்பர் 24, இரவு

செய்வது பிழை. கோபிக்க வேண்டாம், தங்கச்சி. அதே பிழையை நான் இரண்டு வருடம் செய்தேன், அதுவும் ஒலிபெருக்கி பூட்டி.

அந்தப் பொதுநோக்கு மண்டபத்தை ஒரு பெண்ணின் கதிரையில் இருந்து பாருங்கள். இடப்பக்கம் மாமி. வலப்பக்கம் அவளுக்குத் தீங்கு செய்தவனின் சித்தி. முன்வரிசையில் கிராம அலுவலர், மாதர் சங்கத் தலைவி, கோவில் நிர்வாகசபையில் இருந்து ஒரு ஐயா. நீங்கள் எழும்பி, "உங்களில் யாருக்காவது இப்படியான பிரச்சினை இருந்தால் கூட்டம் முடிந்ததும் வந்து கதைக்கலாம்" என்கிறீர்கள். கூட்டம் முடிகிறது. ஐம்பத்தொன்பது பேர் எழும்பிப் போக ஒருத்தி மட்டும் கதிரையில் இருந்தால் மறுநாள் காலை குழாய்க்கிணற்றடியில் என்ன கதை நடக்கும்?

அடுத்தது அந்த வருகைப் பதிவேடு. பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, கையெழுத்து. போர் முடிந்த 2009க்குப் பிறகு இந்தச் சனம் எத்தனை பேருக்கு எத்தனை தரம் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எழுதிக் கொடுத்தது, அந்தப் பட்டியல்கள் எங்கெல்லாம் போயின என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வைத்திருக்கும் அந்தத் தாள்தான் வாசலிலேயே "உள்ளே வந்து வாய் திறக்காதே" என்று சொல்கிறது.

நான் யார் என்று கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். பதினொரு வருடம் இதே வேலை செய்தேன், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும். இப்போது பரந்தன் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன்.

2024 நவம்பர் 25

விடிந்து யோசித்ததில் இன்னொன்று. உங்கள் பதாகையில் என்ன எழுதியிருக்கிறது? "பால்நிலை சார் வன்முறையை ஒழிப்போம்" என்றுதானே?

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கிராமத்தில் நாங்கள் இதே பதாகையைக் கட்டிவிட்டு இருந்தோம். கூட்டம் தொடங்க ஓர் அம்மா பின்னால் இருந்து எழும்பி, "பிள்ளை, லீற்றருக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று கேட்டார். பால் சேகரிக்கும் நிலையம் வரப்போகிறது என்று நினைத்து மாடு வைத்திருப்பவர்கள் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். அன்றைய கூட்டத்தில் உண்மையான அக்கறையோடு கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான்.

சிரிப்பை விட்டுப் பார்த்தால், அந்த அம்மாவில் ஒரு குற்றமும் இல்லை. 'பால்நிலை', 'உயிர்தப்பியவர்', 'உளசமூக ஆதரவு' எல்லாம் செயலமர்வுகளில் பிறந்து செயலமர்வுகளிலேயே வாழும் சொற்கள். ஊரில் பெண்கள் சொல்வது வேறு. "சேட்டை விட்டான்." "பிழையாக நடந்துவிட்டான்." "தொந்தரவு தருகிறான்." இன்னும் கூடுதலாக ஒன்று: "அவளுக்கு ஒரு பிரச்சினை." பெயரில்லாத அந்தப் பிரச்சினையைக் கேட்டதும் உங்கள் காது நிமிர வேண்டும். 'சேட்டை' என்பது பகிடியில் தொடங்கி வன்புணர்வு வரை போகும் சொல். எது என்று அவர்களாகச் சொல்லும்வரை நீங்கள் அந்தச் சொல்லையே திருப்பிச் சொல்லிக்கொண்டு இருங்கள். திருத்தப் போகாதீர்கள். நான் திருத்தியிருக்கிறேன். "அதற்குச் சரியான சொல் பாலியல் துஷ்பிரயோகம், அக்கா" என்றேன். அந்த அக்கா தலையாட்டினார், தண்ணீர் குடித்தார், போய்விட்டார்.

2024 நவம்பர் 28

மூன்று நாளாக மழை, மின்சாரமும் இல்லை. கடைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். அதனால் சுருக்கமாக.

நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்க உலகம் முழுவதும் 16 நாள் செயற்பாடு. நல்லது. ஆனால் வன்னியில் அந்தக் கிழமை என்ன கிழமை? 21 முதல் 27 வரை மாவீரர் கிழமை, போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் துயிலும் இல்லங்களில் நிற்கிறார்கள். காலபோக வயல் தண்ணீருக்குள் கிடக்கிறது. வீதி உடைந்து பஸ் வராது. பிறகு ஏன் கூட்டத்துக்கு ஆள் குறைவு என்று அறிக்கையில் எழுதுகிறோம். ஒருமுறை 27ஆம் திகதி பின்னேரம் கூட்டம் போட்ட புத்திசாலி வேறு யாருமில்லை, நான்தான்.

2024 டிசம்பர் 1

தண்ணீர் வடிந்துவிட்டது. "அப்படியென்றால் என்னதான் செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பழைய கதையைச் சொல்லித்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

2013. மீள்குடியேற்றம் தொடங்கி மூன்று நான்கு வருடம். தகரக் கொட்டில்கள் கல்வீடுகளாக மாறிக்கொண்டிருந்த காலம். மெனிக் பாம் முகாம் மூடி ஒரு வருடம்தான். புதுக்குடியிருப்புக்கு உள்ளே ஒரு கிராமத்தில் ஒரு பிள்ளைக்கு உதவி தேவை என்று முன்பள்ளி ஆசிரியை இரகசியமாகச் சொல்லியிருந்தார். நான் அலுவலக வாகனத்தில் போய் அந்த வீட்டுப் படலையடியில் இறங்கினேன். வாகனம் வெள்ளை. கதவில் எங்கள் சின்னம். தாய் என்னைக் கண்டதும் உள்ளே ஓடிக் கதவைப் பூட்டினார். தட்டினேன், பெயர் சொன்னேன், திறக்கவில்லை. வெள்ளை வாகனம் வீட்டு வாசலில் நின்றால், ஆட்களைக் கடத்திக்கொண்டு போன வெள்ளை வான்தான் அந்தத் தாய்க்கு ஞாபகம் வரும் என்று என் மண்டையில் ஏறவில்லை. இத்தனைக்கும் என் சொந்த மச்சானைத் தேடி நானே எத்தனையோ வாசல்களில் நின்றவள்.

அதோடு முடியவில்லை. அன்று மாலையே சிவில் உடையில் இரண்டு பேர் போய், "யார் வந்தது, என்ன கேட்டார்கள்?" என்று விசாரித்திருக்கிறார்கள். பக்கத்து வீடுகளும் விசாரித்தன. அந்தக் குடும்பம் இரண்டு மாதத்தில் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. நான் உதவிக்குப் போனேனா, உபத்திரவத்துக்குப் போனேனா?

இனிக் கோழிக் கதை. அந்தக் காலத்தில் உளவளத்துணை என்று எழுதினால் அரசாங்கத்திடம் இருந்து அனுமதி வராது. கட்டடம், கிணறு, வாழ்வாதாரம் என்று எழுத வேண்டும். அதனால் எங்கள் அமைப்பு 'பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கான கோழி வளர்ப்பு' என்று ஒரு திட்டம் எழுதியது. வீட்டுக்குப் பத்துக் குஞ்சு, ஒரு கூடு, தீவனம். என்னையும் கோழி உத்தியோகத்தர் ஆக்கிவிட்டார்கள். எனக்குக் கோழியைப் பற்றித் தெரிந்தது குழம்பு மட்டும்.

செவ்வாய்க்கிழமைகளில் பழைய சங்கக்கடைக் கட்டடத்தின் பின் அறையில் இருப்பேன். குஞ்சு சாகிறது, தீவனம் போதவில்லை, கீரி வருகிறது என்று பெண்கள் வருவார்கள். நான்காவது கிழமை ஓர் அக்கா வந்தார். கோழிக்குச் சீக்கு என்றார். எப்படிச் சீக்கு என்றேன். தலை தொங்குகிறது என்றார். எத்தனை நாளாக என்றேன். "ஒன்றரை வருடமாக" என்றார். நான் கொப்பியை மூடினேன்.

பிறகு அந்த அக்கா இன்னொருவரை அனுப்பினார். அவரும் கோழிக்குச் சீக்கு என்றுதான் வந்தார். யாரும் தீர்மானம் போடவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆனால் அந்தப் பக்கத்தில் 'அக்காவிடம் கோழிச் சீக்குக்குப் போகிறேன்' என்பது ஒரு சங்கேதம் ஆகிவிட்டது. இரண்டு வருடத்துக் கூட்டங்களில் வராதவர்கள் எட்டு மாதத்தில் வந்தார்கள்.

அவர்களுக்குத் தைரியம் இல்லாமல் இல்லை. வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படக்கூடிய ஒரு காரணம்தான் இல்லாமல் இருந்தது. "எங்கே போகிறாய்?" என்று மாமியோ அண்ணனோ சின்ன மகனோ கேட்டால் முகம் மாறாமல் சொல்லக்கூடிய ஒரு பதில். உங்கள் சேவை எவ்வளவு நல்லது என்று ஊருக்கு ஒலிபெருக்கியில் சொல்வதற்கு முன்னால், அந்தப் பதில் அவளிடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

2024 டிசம்பர் 2

"இது ஏமாற்று வேலை இல்லையா? பெண்களை ஒளித்து ஒளித்து வரச் சொன்னால் வெட்கம் அவர்களுடையது என்று நாமே ஒத்துக்கொள்வது ஆகாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஆகும். பாதி ஆகும். இதைப் பற்றி எனக்கே இரண்டு மனம். வெட்கப்பட வேண்டியவன் சைக்கிளில் சுற்றித் திரிய அவள் கோழியைச் சாட்டி வருவது எனக்கும் எரிகிறதுதான். ஆனால் ஊர் மாறும்வரை அவளைப் படலைக்கு உள்ளே காக்க வைக்க எனக்கு யார் உரிமை தந்தது? ஊரை மாற்றும் வேலையை ஆண்களோடும் கோவில் சபையோடும் பள்ளிக்கூடத்தோடும் செய்யுங்கள், அதற்குப் பதாகையும் கட்டுங்கள். அவளை அந்தப் பதாகைக்குக் கீழே நிற்க வைக்காதீர்கள்.

2024 டிசம்பர் 5

துண்டுப் பிரசுரத்தின் படத்தை அனுப்பியிருந்தீர்கள். பார்த்தேன். முன்பக்கம் அமைப்பின் நோக்கு, பணிக்கூற்று, நன்கொடையாளர் சின்னங்கள் மூன்று. பின்பக்கம் அழுகிற பெண்ணின் படம். தொலைபேசி இலக்கம் அடியில், எறும்பு அளவில். இதை வீட்டுக்குக் கொண்டுபோனால் அடுப்பு மூட்டலாம். எங்களுடையதை முறிகண்டியில் கச்சான் சுற்றக் கொடுத்திருந்தார்கள். அப்படியாவது பலர் கைக்குப் போனது என்று நான் மகிழ்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிரசுரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வாய்வழியாகப் போக வேண்டிய விடயங்கள் சில உண்டு.

நடந்ததில் இருந்து மூன்று நாள். 72 மணித்தியாலம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரையை அதற்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. கர்ப்பம் தங்காமல் இருக்கும் மாத்திரைக்கும் அதே மூன்று நாள் கணக்கை வைத்திருங்கள். சில நாள் பிந்தினாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும், கேட்டால் வழி சொல்வார்கள், ஆனால் பலன் குறைந்துகொண்டே போகும். இது ஏன் முக்கியம் என்றால், நம் ஊரில் முதல் மூன்று நாளும் "யாருக்குச் சொல்வது" என்ற யோசனையிலேயே போய்விடும். பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தரம் வரும் கிராமத்தில் இருந்து மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குப் போகப் பாதி நாள் வேண்டும். இலங்கையில் கருக்கலைப்பு தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே சட்டத்தில் அனுமதிக்கப்பட்டது. வன்புணர்வு ஒரு காரணமாக ஏற்கப்படுவதில்லை. ஆகவே அந்த மூன்று நாளைத் தவறவிட்டால் பிறகு கதவுகள் மிகக் குறைவு. கூட்டத்தில் இதை யாரும் சொல்வதில்லை, பண்பில்லாத பேச்சு என்று.

குளிக்க வேண்டாம், உடுப்பைத் தோய்க்க வேண்டாம், உடுப்பைக் கடதாசியில் சுற்றி வைக்கவும். பொலித்தீன் பையில் வைத்தால் ஈரம் பிடித்து எல்லாம் கெட்டுப்போகும். குளித்துவிட்டால்? குளித்துவிட்டாலும் போகலாம். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குளித்தாயிற்று, இனி வழக்கு நிற்காது என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

காயம் இருக்க வேண்டும் என்பது பொய். 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோதே, எதிர்த்துப் போராடியதற்கு உடலில் காயம் காட்ட வேண்டியதில்லை என்று எழுதிவிட்டார்கள். முப்பது வருடம் ஆகப்போகிறது. "கத்தினாயா, கடித்தாயா?" என்று கேட்பதை ஊரும் விடவில்லை, சில கதிரைகளில் இருப்பவர்களும் விடவில்லை.

"கட்டி வைத்துவிடலாம்" என்று பேசும் பெரியவர்களுக்கும் அதே 1995தான் பதில். பொதுச் சட்டத்தில் திருமண வயது 18 (முஸ்லிம் விவாகச் சட்டம் வேறு). பதினைந்து வயதுப் பிள்ளையை அவளுக்குத் தீங்கு செய்தவனுக்கே கட்டிக் கொடுத்துக் கதையை முடிக்க அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. பதினாறுக்குக் கீழே அவளுடைய சம்மதம் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

இலக்கங்கள்: பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929, அம்புலன்ஸ் 1990. வக்கீலுக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பெரிய அரச ஆஸ்பத்திரிகள் பலவற்றில் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கென்று 'நட்பு நிலையம்' என்ற ஓர் அறை உண்டு. பெயர் நல்ல பெயர். நட்பைத் தேடிப் போகிறேன் என்று யாரும் சந்தேகப்படாமல் போகலாம்.

முக்கியமாக, முதலில் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்குப் போனால் எதுவும் வெளியே போகாது, பொலிசுக்கும் போகாது என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

2024 டிசம்பர் 6

நேற்றைய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன். இரவு நித்திரை வரவில்லை.

முதலில் ஆஸ்பத்திரி என்பது சரி. முறைப்பாடு செய்தால்தான் மருந்து என்று யாராவது சொன்னால் அது பிழை என்பதும் சரி. ஆனால் "எதுவும் வெளியே போகாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் பொலிஸ் காவலரண் இருக்கிறது. சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனை வழக்குக்குப் பயன்பட வேண்டும் என்றால் பொலிஸ் தரும் படிவம் வேண்டும். பாதிக்கப்பட்டது பிள்ளையாக இருந்தால் உங்களாலும் மறைக்க முடியாது, டாக்டராலும் முடியாது.

நான் மறைப்பதாகச் சொன்னேன். பதினைந்து வயது. விவரம் சொல்ல மாட்டேன். "யாருக்கும் சொல்ல மாட்டேன், அம்மாவாணை" என்று கையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் அவளிடம் இருந்து கதையை எடுத்தேன். பிறகு சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னதில் பிழையில்லை, அவன் அதே வீட்டில் இருந்தான். ஆனால் நன்னடத்தை உத்தியோகத்தர் வந்த அன்று அவள் என்னைப் பார்த்து, "நீங்களும்தானா, அக்கா?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. இப்போது அவளுக்கு இருபது தாண்டியிருக்கும். எங்கே இருக்கிறாள் என்று தெரியும், போய்ப் பார்க்கவில்லை.

இப்படிச் சொல்லலாம்: "நீங்கள் சொல்வதில் எதை நான் எனக்குள் வைத்திருக்கலாம், எதை வைத்திருக்க முடியாது என்று முதலில் சொல்கிறேன். பிறகு சொல்வதா வேண்டாமா என்று நீங்கள் முடிவெடுங்கள்." இதனால் சிலர் எழும்பிப் போவார்கள். போகட்டும்.

2024 டிசம்பர் 14

யார் வழியாகச் செய்தி போகும் என்று கேட்டால் எல்லாரும் குடும்பநல உத்தியோகத்தரைத்தான் கைகாட்டுகிறார்கள், நானும் காட்டினேன். மிட்வைஃப் மிஸ் எந்தப் படலைக்குள்ளும் போகலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அவரிடம் உங்கள் இலக்கத்தைக் கொடுங்கள்.

இன்னொரு வழியும் செய்தோம். ஓர் ஆஸ்பத்திரியில் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டினோம். அடியில் கிழித்து எடுக்கும்படி இலக்கம் எழுதிய பன்னிரண்டு துண்டுகள். பெண் தனியாக இருக்கும் ஒரே இடம் அதுதான் என்ற யோசனை. முதல் மாதம் போய்ப் பார்த்தால் ஒன்பது துண்டுகள் கிழிந்திருந்தன. துள்ளிக் குதித்து அறிக்கையில் எழுதினேன். படமும் போட்டேன்.

2024 டிசம்பர் 15

அந்தக் கதவுத் தாளின் மிச்சக் கதையைச் சொல்லாமல் விட்டது என் கள்ளம். ஆறு மாதம் கழித்து அங்கே சுத்திகரிப்பு வேலை செய்யும் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "அதை நான்தான் பிள்ளை கிழித்தேன். கதவு கழுவும்போது தொங்கி ஒட்டுகிறது" என்றார்.

அதைவிடப் பெரிய வெட்கம், அவரிடம் அதற்கு முதல் நான் ஒன்றும் கேட்டதில்லை. இரவு வார்டில் அழும் பெண்ணுக்குப் பக்கத்தில் நிற்பவர் அவர்தான். டாக்டர் வந்து போய்விடுவார், தாதி ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவார். "யாரிடம் அம்மா கேட்கலாம்?" என்று அவரிடம்தான் கேட்கிறார்கள். கேட்டிருக்கிறார்கள், பல வருடமாக. அவருக்கு எங்கள் பெயரே தெரியாது, தாளை வாசிக்கவும் தெரியாது.

2024 டிசம்பர் 17

குடும்பநல உத்தியோகத்தராக இருக்கும் ஒரு தோழி இதை வாசித்துவிட்டுத் தொலைபேசி எடுத்து ஏசினார். நியாயம். "தாய் சேய் பதிவேடு, தடுப்பூசி, நிறை, டெங்கு, போசாக்கு, இப்போது இதுவுமா? ஒரு பெண் என்னிடம் சொல்லிவிட்டால் அதன் பிறகு இரவு அவன் என் வீட்டு வாசலுக்கு வருவான், உன் அமைப்பு வருமா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. செய்தி கடத்துபவருக்கு என்ன பாதுகாப்பு என்று யோசிக்காமல் அவர் தலையில் பொறுப்பை ஏற்றாதீர்கள். 14ஆம் திகதி எழுதியதை இதோடு சேர்த்து வாசிக்கவும்.

2025 ஜனவரி 4

"வழக்குப் போட்டால் எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டால் என்ன சொல்வது?"

உண்மையைச் சொல்லுங்கள். விசுவமடுவில் 2010 ஜூனில் ஒரு கூட்டு வன்புணர்வு நடந்தது. யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றம் 2015 அக்டோபரில் நான்கு இராணுவத்தினருக்கு நீண்ட சிறைத்தண்டனை கொடுத்தது. ஐந்து வருடம். அன்று இங்கே நாங்கள் அழுதோம், பால்பாக்கெட் வாங்கித் தேநீர் போட்டோம். பிறகு மேன்முறையீட்டில் அவர்கள் விடுதலையானார்கள். அந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துத்தான் சனம் ஞாபகம் வைத்திருக்கிறது. முதல் பாதியை மட்டும் சொல்லிக் கூட்டம் நடத்தினால் உங்களை நம்ப மாட்டார்கள்.

ஆனால் முன்பு இல்லாத சில இப்போது இருக்கின்றன. பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது, 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம். சாட்சியை மிரட்டுவதே தனிக் குற்றம். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க அவளுக்கு உரிமை இருக்கிறது. வேறு மொழியில் எழுதி, "இங்கே வை" என்று காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்த ஒரு பெண்ணோடு நான் போயிருந்தேன். பிறகு நீதிமன்றத்தில் வாசித்தபோது அதில் அவள் சொல்லாத மூன்று விடயங்கள் இருந்தன. வாசித்துக் காட்டும்வரை பேனாவைத் தொட வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பெயர். பாலியல் குற்றத்துக்கு உள்ளானவரின் பெயரையோ அடையாளம் தெரியவைக்கும் எதையுமோ வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவை 365சி பிரிவின்படி குற்றம். உள்ளூர் இணையத்தளங்கள் பெயரைப் போடாமல், கிராமம், வயது, படிக்கும் வகுப்பு, தகப்பனின் தொழில் எல்லாம் போடும். இரண்டாயிரம் பேர் உள்ள ஊரில் இனிப் பெயர் எதற்கு?

2025 ஜனவரி 19

நேற்றுக் கடைக்கு ஓர் அம்மா சட்டை தைக்க வந்தார். அளவெடுத்துக்கொண்டு நின்றபோது, "2009இல் நடந்ததற்கு இப்போதும் வழக்குப் போடலாமா, பிள்ளை? சொந்தக்காரப் பிள்ளை ஒன்றுக்காகக் கேட்கிறேன்" என்றார்.

அளவு நாடா கையில் அப்படியே நின்றது. கொலை, தேசத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்கு இலங்கையில் இருபது வருடக் காலவரையறை. 2009 என்றால் 2029. நான்கு வருடம்தான் மிச்சம். இதை எந்தக் கூட்டத்திலும் நான் சொன்னதில்லை. பதினொரு வருடத்தில் ஒருமுறைகூட. பயமாகவும் இருந்தது, அதைக் கேட்க யாரும் வரமாட்டார்கள் என்ற நினைப்பும் இருந்தது.

சொன்னேன். "சரி, கையை ஓர் அங்குலம் நீட்டி வை" என்றார்.

2025 பெப்ரவரி 8

சில்லறைக் குறிப்புகள்.

ஆண் பிள்ளைகள். இங்கே எழுதியதில் ஒருமுறையும் நான் அவர்களைச் சொல்லவில்லை. சட்டத்தில் வன்புணர்வு என்பது பெண்ணுக்கு எதிராக மட்டும். பையனுக்கு நடந்தால் 'பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம்' என்ற பிரிவில் வரும். தண்டனை அங்கேயும் கடுமையானதுதான். பையன்கள் மாதர் சங்கத்துக்கு வரமாட்டார்கள். விளையாட்டுக் கழகத்தில் நம்பக்கூடிய ஓர் அண்ணையைப் பிடியுங்கள், ஆனால் அவரையும் நன்றாகப் பார்த்துப் பிடியுங்கள்.

கடன் அறவிட வருபவர்கள். கிழமைக் கட்டுப்பணம் இல்லாத பெண்ணிடம் "வேறு விதமாகக் கட்டலாம்" என்று சொல்வதை வன்னியில் கேட்காத ஊர் எது? அதைப் பெண்கள் வன்முறைக் கணக்கில் சேர்ப்பதில்லை, கடன் கணக்கில் சேர்க்கிறார்கள். வீட்டுத்திட்டத்துக்கோ ஒரு கையெழுத்துக்கோ போகும் இடத்தில் கேட்கப்படுவதும் அப்படித்தான். 2023இல் வந்த ஊழல் எதிர்ப்புச் சட்டம் பாலியல் இலஞ்சத்தைப் பெயர் சொல்லிக் குற்றமாக்கியிருக்கிறது. இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954. கடன் பிரச்சினைக்கு ஆலோசனை என்று மேசை போட்டால் இந்தக் கதை தானாக வரும். மறுபடியும் அதே கோழிதான் என்று பாருங்கள்.

2025 மார்ச் 16

தங்கச்சி எழுதியிருக்கிறார். கூட்டங்களை நிறுத்திவிட்டாராம். கோழித் தடுப்பூசி அட்டை அச்சடித்திருக்கிறார், எந்த வயதில் எந்த ஊசி என்று. மிருக வைத்தியரிடம் கேட்டுச் சரிபார்த்திருக்கிறார். பின்பக்கத்தில் 'கோழிக்கும் வீட்டுக்கும் ஆலோசனை' என்று பெரிய எழுத்தில் ஓர் இலக்கம், அமைப்பின் சின்னம் இல்லாமல். எவ்வளவு அச்சுக்கூலி என்று நான் கேட்கவில்லை. நன்கொடையாளருக்கு இதை எப்படி விளக்கினார் என்று கேட்க ஆசை.

முதல் மூன்று கிழமையில் இருபத்திரண்டு அழைப்புகள். இருபத்தொன்று கோழி பற்றியது, உண்மையான கோழி. எடுத்து எடுத்து இராணிக்கெட் நோய், அம்மை, சளி எல்லாம் மனப்பாடமாம். ஒருவர் ஆட்டுக்கும் கேட்டாராம்.

இருபத்திரண்டாவது அழைப்பும் கோழியில்தான் தொடங்கியது. இரவு எட்டரை. குரல் மெல்லியது, பின்னால் தொலைக்காட்சிச் சத்தம். முட்டை இடாத கோழியைப் பற்றிக் கால் மணித்தியாலம் கதைத்திருக்கிறார். தீவனம் மாற்றிப் பார்க்கச் சொன்னாராம் தங்கச்சி. சரி என்றாராம். பிறகு இருவரும் ஒன்றும் பேசவில்லை. தொலைக்காட்சியில் விளம்பரம் போய் நாடகம் தொடங்கிய பிறகு, "நாளைக்கும் எடுக்கலாமா?" என்று கேட்டாராம்.

எடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.